வீட்டுச் சுவிட்சை நாமே மாற்றலாமா?

சுவிட்சைப் போட்டால் உள்ளே 'சர்ர்' என்று ஒரு சத்தம். விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டுப் பிறகுதான் எரிகிறது. நம்மில் பலர் இந்தச் சத்தத்தோடு மாதக் கணக்கில் குடித்தனம் நடத்துகிறோம். "வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், ஆள் அனுப்புகிறேன் என்றார்" என்பார்கள் சிலர். "ஒரே ஒரு சுவிட்சுக்காக எந்த எலக்ட்ரீஷியன் வருவார்?" என்பார்கள் வேறு சிலர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகைப் போர்ஷன்களில் வசிக்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

சுவிட்சு மாற்றுவது பெரிய வித்தை அல்ல. இரண்டு ஒயர், இரண்டு திருகு, கால் மணி நேர வேலை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்காருவார்கள். செய்யாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதே.

சட்டம் இடம் கொடுக்கிறதா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. மின் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும், தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனும்தான் செய்ய வேண்டும் என்பது பொது விதி. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி இதைச் சொன்னது. அதே விதியில் ஒரு விலக்கும் இருந்தது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை, வீட்டு ஒயரிங்கின் திறனோ தன்மையோ மாறாதபடி, பழையதற்குப் பதில் புதியது போடுவது மட்டும் அந்தக் கட்டுப்பாட்டில் வராது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்த விலக்கு தொடர்ந்தது.

எனவே பழைய சுவிட்சை எடுத்துவிட்டு அதே வகைப் புதிய சுவிட்சைப் போடுவதில் தவறில்லை. ஆனால் சுவரில் புதிதாக ஒரு பாயிண்ட் எடுப்பது, விளக்குச் சுவிட்சு இருந்த இடத்தில் கீசருக்குப் பிளக் வைப்பது, மெயின் போர்டைத் தொடுவது ஆகியவை நம் வேலை அல்ல. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

சுவிட்சு என்ன செய்கிறது?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது இரண்டு கம்பிகளில் வருகிறது. ஒன்று 'பேஸ்'. உயிர் உள்ள கம்பி இதுதான். மற்றொன்று 'நியூட்ரல்'. மின்சாரம் திரும்பிப் போகும் வழி. பழைய வழக்கப்படி பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று பேஸ் வரும் வீடுகளில் மஞ்சள், நீல நிறங்களும் பேஸாக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பி எந்தக் கம்பியையும் தொடக் கூடாது. கையில் கிடைத்த ஒயரை வைத்து வேலையை முடித்துவிட்டுப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சுவிட்சு என்பது பேஸ் கம்பியின் நடுவே வைத்த ஒரு கதவு. திறந்தால் மின்சாரம் விளக்குக்குப் போகும், மூடினால் நின்றுவிடும். நின்றுவிடும் என்றால் எங்கே நிற்கும்? சுவிட்சின் வாசலில் நிற்கும்! விளக்கு அணைந்திருந்தாலும், சுவிட்சுக்கு வந்து சேரும் கம்பியில் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். "சுவிட்சைத்தான் அணைத்துவிட்டேனே" என்று போர்டைக் கழற்றுபவர் தொடுவது இந்தக் கம்பியைத்தான்.

இன்னொரு தவறும் சில வீடுகளில் உண்டு. பேஸில் இருக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். யாருக்கும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டூல் மேல் ஏறிப் பல்பு மாற்றுபவருக்கு ஷாக் அடிக்கும். விழுந்து அடிபடுவது வேறு. அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது, "பேஸ்லோனே சுவிட்ச் உந்தா?" என்று ஒரு கேள்வி கேட்டு, எல்லாப் போர்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்து? 60 வாட் குண்டு பல்பு ஒன்றுக்குப் போகும் மின்சாரம் சுமார் 260 மில்லி ஆம்பியர். உயிர் காக்கும் கருவியாகிய ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதாவது அந்தச் சின்னப் பல்புக்குப் போவதில் ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு மேல் உடம்பு வழியாகப் போனால் இதயம் தாங்காது என்பதால்தான் அந்த அளவு. "ஒரு பல்புக்குப் போகிற கரண்டுதானே" என்று எண்ணாதீர்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

போடும்போது பொறி பறந்தால், சத்தம் வந்தால், சுவிட்சின் மேல் கை வைத்தால் சூடு தெரிந்தால், கருகிய வாடை வந்தால், குமிழ் ஆடினால், உடனே மாற்றுங்கள். உள்ளே தகடு தேய்ந்திருக்கும். அல்லது திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். சூட்டில் ஒயரின் மேலுறை இளகும். அதன் பிறகு தீ. அதுவரை அந்தச் சுவிட்சைப் பயன்படுத்தாமல் விடுங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

கடைக்குப் போகும்போது பழைய சுவிட்சின் வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். விளக்கு, விசிறிக்கு 6 ஆம்பியர் 'ஒன் வே' சுவிட்சு போதும். (முன்பு 5 ஆம்பியர் என்று விற்றது இதுவே.) மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு மேலே அணைக்கும் இடத்தில் 'டூ வே' சுவிட்சு வேண்டும், அதில் இரண்டுக்குப் பதில் மூன்று திருகுகள் இருக்கும். கீசருக்கு 16 ஆம்பியர். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சுவிட்சில் போட்டால் சுவிட்சு வெந்துவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சுவிட்சுகளுக்கான ஐ.எஸ். 3854 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

கருவிகள் நான்கு: நல்ல டெஸ்டர், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளையர், இன்சுலேஷன் டேப். ஒரு டார்ச் லைட்டும் வேண்டும். பகலில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

அந்த ஐந்து நிமிடம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மெயினை அணைக்க வேண்டும். அணைத்தால் மட்டும் போதாது. அணைந்துவிட்டதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மெயினை அணைத்த பிறகும் போர்டில் மின்சாரம் இருக்க நம் வீடுகளில் நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, இன்வெர்ட்டர். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மெயினை அணைத்தவுடன் அது என்ன நினைக்கும்? 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை விளக்குகளுக்கு அனுப்பத் தொடங்கும். எனவே மெயினை அணைத்த பின் இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் அணைக்க வேண்டும். மாடியில் பேட்டரியோடு கூடிய சூரிய மின் அமைப்பு இருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, பொதுச் சுவர். ஒரே கட்டடத்தை நான்கு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருப்பார்கள். மாடிப்படி விளக்கும், வாசல் விளக்கும், மோட்டாரும் வீட்டுக்காரரின் மீட்டரில் இருக்கும். ஆனால் அவற்றின் சுவிட்சு நம் வாசல் போர்டில் இருக்கும். நம் மெயினை அணைத்தால் நம் விளக்குகள் அணையும். அந்த ஒரு சுவிட்சில் மட்டும் மின்சாரம் இருந்துகொண்டிருக்கும். ஒரே போர்டுக்குள் இரண்டு வீட்டு மின்சாரம்.

மூன்றாவது, எம்.சி.பி. ஒரு அறைக்கான சிறிய எம்.சி.பி. பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். கம்பத்தில் பழுது பார்த்து இணைப்புக் கொடுக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அது துண்டிப்பது நியூட்ரலாக இருக்கும். ஆகவே அறையின் எம்.சி.பி.யை நம்பாமல், இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயின் சுவிட்சையே அணையுங்கள். பழைய வீடுகளில் அது கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி.

நான்காவது, மனிதர்கள். "ஏன் கரண்ட் இல்லை?" என்று வெளியே போய் மெயினைப் போட்டுவிடுபவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், பக்கத்துப் போர்ஷன்காரராகவும் இருக்கலாம். நம் சுற்றுப்புறத்தில் இதற்கு ஒரு கூடுதல் ஏற்பாடு தேவை. மெயினில் ஒரு அட்டை தொங்கவிட வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் பயனில்லை. "மெயினைப் போடாதீர்கள், வேலை நடக்கிறது" என்பதன் கீழே "மெயின் ஆன் சேயவத்து, பனி ஜருகுதோந்தி" என்பதையும் தெலுங்கு எழுத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கும் நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகாக எழுதித் தருவார்கள். பாதுகாப்புப் பாடமும் கூடவே ஆகிவிடும். முடிந்தால் பெரியவர் ஒருவரை மெயின் அருகில் நிறுத்துங்கள்.

இனி டெஸ்டர். முதலில், மெயினை அணைக்கும் முன், மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லாக் கம்பியையும் 'கரண்ட் இல்லை' என்றுதான் சொல்லும். பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, போர்டைத் திறந்து, மாற்றப்போகும் சுவிட்சில் மட்டுமல்லாமல் போர்டில் உள்ள ஒவ்வொரு திருகிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றில்கூட எரியக் கூடாது. அதன்பின் பக்கத்துப் போர்ஷன் பிளக்கில் ஒருமுறை வைத்து, டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் டெஸ்டரின் சின்ன வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. கையால் மறைத்துப் பாருங்கள். எங்காவது மங்கலாக எரிந்தால்கூட வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

1. கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வேண்டாம்.

2. போர்டின் திருகுகளைக் கழற்றி மெதுவாக முன்னால் இழுங்கள். புதிய மாடுலர் வகையில் மேல் பிளேட்டை நெம்பினால் வந்துவிடும். அதன் பின் சட்டத்தின் திருகுகள் தெரியும். பலமாக இழுத்தால் உள்ளே ஒயர் அறுந்துவிடும்.

3. எந்த ஒயர் எந்தத் திருகில் இருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அல்லது ஒயர்களில் டேப் துண்டு ஒட்டி ஒன்று, இரண்டு என்று குறியுங்கள். டூ வே சுவிட்சில் இது கட்டாயம். மூன்று ஒயரில் ஒன்று இடம் மாறினாலும் மாடிப்படி விளக்கு தாறுமாறாக வேலை செய்யும்.

4. ஒரு திருகில் இரண்டு ஒயர்கள் சேர்ந்து இருந்தால் பயப்பட வேண்டாம். அது அடுத்த சுவிட்சுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 'லூப்'. இரண்டையும் சேர்த்தே புதிய சுவிட்சில் மாட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த சுவிட்சுகள் இயங்காது. விட்ட ஒயரும் போர்டுக்குள் உயிரோடு தொங்கும்.

5. ஒயரின் முனை கருகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையைச் சீவுங்கள். உள்ளே உள்ள மெல்லிய இழைகளில் ஒன்றும் அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கிச் சேர்த்துத் துளையில் விட்டுத் திருகை இறுக்குங்கள்.

6. மேலுறை திருகின் அடியில் சிக்கக் கூடாது. சிக்கினால் செம்பு சரியாகப் படாது. துளைக்கு வெளியே செம்பும் தெரியக் கூடாது. ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். பழைய சுவிட்சு கெட்டதற்குக் காரணம் இந்தத் தளர்ச்சியாகவே இருந்திருக்கலாம்.

7. சுவிட்சைக் கீழ்ப்பக்கம் அழுத்தினால் எரியும்படி வையுங்கள். நம் நாட்டு வழக்கம் அதுதான். இருட்டில் கை தடவிப் போடுபவருக்கு உதவும்.

8. போர்டை முழுவதும் மூடி எல்லாத் திருகையும் போட்ட பிறகே மெயினைப் போட வேண்டும். "எரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடலாம்" என்பது வேண்டவே வேண்டாம். பிறகு அட்டையை எடுத்துவிட்டு இன்வெர்ட்டரைப் போடுங்கள். பத்து நிமிடம் விளக்கை எரியவிட்டுச் சுவிட்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

போர்டைத் திறந்ததும் சில காட்சிகளைக் கண்டால் அப்படியே மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயரின் மேலுறை தொட்டாலே உதிர்வது, உள்ளே செம்புக்குப் பதில் வெள்ளை நிற அலுமினியக் கம்பி இருப்பது, பலகைக்குள் கரையான் மண், ஒயர்கள் நீளம் போதாமல் விறைத்து நிற்பது, எது எங்கே போகிறது என்று புரியாதது. புரியவில்லை என்பதே போதுமான காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈரச் சுவர் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் சுவர் ஊறி, போர்டுக்குள்ளும் நீர் இறங்கும். சுவரைத் தொட்டால் 'ஜிவ்வென்று' இருந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாமல், உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். மெயின் பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொட வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நம் பகுதிக்கு மின்சாரம் வழங்குவது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் பகிர்மானக் கழகம். புகார் எண் 1912. மீட்டர், கம்பம், கம்பத்திலிருந்து வரும் கம்பி எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் அதை வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஒரு கை பேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் பட்டால் அந்தக் கருவிக்குத் தெரியாது. அது இருக்கிறது என்று மெயினை அணைக்காமல் இருக்கக் கூடாது.

ஷாக் அடித்தால்

மின்சாரம் பிடித்தவரை முதலில் தொடக் கூடாது. தாயாக இருந்தாலும், மனைவியாக இருந்தாலும், பதறி ஓடிப் பிடித்தால் இருவருக்கும் ஆபத்து. மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்குங்கள். பிறகு 108க்குப் போன் செய்யுங்கள். நினைவும் மூச்சும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாகவும் அழுத்தமாகவும் அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

இந்த மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? பல வீடுகளில் குடும்பத் தலைவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலைக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே சுவிட்சு மாற்றுகிறீர்களோ இல்லையோ, இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, எல்லோரையும் அழைத்துப்போய் மெயினைக் காட்டி, ஒருமுறை அவர்கள் கையாலேயே அணைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு அரை நிமிடம்தான்.

மெயின் பெட்டியின் அருகில் ஒட்டிவைக்க:

மெயினை அணை.
இன்வெர்ட்டரை அணை.
இரு மொழியிலும் அட்டை தொங்கவிடு.
டெஸ்டரைச் சோதி, பிறகு ஒவ்வொரு திருகையும் சோதி.
சந்தேகம் வந்தால் மூடிவிடு.
மின் புகார்: 1912. ஆம்புலன்ஸ்: 108.